மூன்று டம்ளர் மோர்

ஜூன் 9, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு உலகம்மாளைத் தென்காசிக்கு அழைத்துப் போனேன். மருந்துக்கடைக்காரன் தன் மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போவது, ஓட்டல்காரன் அடுத்த ஓட்டலில் போய் இட்லி தின்பது மாதிரி. ஆழ்வார்குறிச்சியில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அப்படியும் மூன்று பேர், "என்ன அண்ணாச்சி, விசேஷமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

டாக்டர் பெயர் ஜெபசெல்வி. வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். பெரிய டாக்டர் என்றால் தலையில் நாலு நரையாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் உள்ளே போனதும் அவர் உலகுவின் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அதன் பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார். உலகுவுக்கு இருபத்தோரு வருடமாக ஒற்றைத் தலைவலி. இத்தனை வருடத்தில் அவளுக்காக ஒருவர் விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

எந்தப் பக்கம் வலிக்கும், வாந்தி உண்டா, வலி வருவதற்கு முன் கண்ணில் ஏதாவது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக நெளிநெளியாக ஒன்று ஓடும் என்றாள் உலகு. இது எனக்கே புதுச் செய்தி. "வலி இல்லாத நாள்ல என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டார் டாக்டர். உலகு யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்படி ஒரு நாளு கடைசியா எப்பம் வந்துதுன்னு தெரியல டாக்டர்," என்றாள். அழுதாள்.

மாத்திரை பற்றிக் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். எங்கள் கடையில் "தலைவலி செட்டு" பிரசித்தம். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், வயிற்றுக்கு ஒரு பாதி. சின்னக் காகிதக் கவரில் மடித்துக் கொடுப்பேன். வயலுக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், வாத்தியார்கள், எல்லோரும் வாங்குவார்கள். "எங்க வீட்ல ஒரு நாள்கூட மாத்திரை இல்லாம தவிக்க விட்டதில்ல டாக்டர்," என்றேன். மாதத்தில் எத்தனை நாள் சாப்பிடுவாள் என்று கேட்டார். இருபத்தைந்து நாள் இருக்கும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, மைக்ரேன் இவங்களுக்கு மாசம் மூணு நாலு தடவ வர்ற வியாதி. தெனமும் வலிக்குதே, அது வியாதி இல்ல. அது மாத்திரை. மாசம் பத்து நாளைக்கு மேல இதப் போட்டா, மாத்திரையே வலியக் கொண்டுவரும். அந்த வலிக்கு இன்னொரு மாத்திரை கேக்கும்."

நான் டி.பார்ம் படித்தவன். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு காகிதம் வரும், அதிலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்தைத்தான் நான் கிழித்துக் குப்பையில் போடுவேன்.

வலி மாத்திரை எல்லாவற்றையும் நாளையிலிருந்து நிறுத்த வேண்டும். படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை, அது வலி வராமல் தடுக்க; வேலை செய்ய ஒன்றிரண்டு மாதம் ஆகும். முதல் இரண்டு வாரம் வலி இப்போது இருப்பதைவிட மோசமாக இருக்கும். "தாங்க முடியலன்னா என் நம்பருக்குக் கூப்பிடுங்க. இங்க கூட்டிட்டு வாங்க, வாந்தி நிக்கவும் வலி அடங்கவும் ஊசி இருக்கு. நீங்களா வீட்ல ஒண்ணும் குடுக்காதீங்க," என்றார் டாக்டர். ஒரு சீட்டும் கொடுத்தார். அதில் நான்கு கட்டம்: வலி எப்போது தொடங்கியது, பத்துக்கு எத்தனை, என்ன கொடுத்தீர்கள், எப்போது குறைந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உலகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூடப் பஸ்ஸில் அப்படிப் பிடித்ததில்லை. "ஏங்க, நான் கேட்டாலும் குடுக்காதிய. அழுது கேட்டாலும் குடுக்காதிய. சரின்னு சொல்லுங்க," என்றாள். சரி என்றேன்.

சீட்டின் கட்டங்கள் சின்னவை. அதில் அடங்காததை மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன்.


ஜூன் 10, செவ்வாய்

முதல் நாள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளை எல்லாம் உலகுவே தேடி எடுத்தாள். தையல் மிஷின் டிராயர், அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி அலமாரி, கைப்பை, தலையணை உறைக்குள். அத்தனை இடத்திலும் நான் கொடுத்ததுதான். மொத்தம் அறுபத்தொன்று. மஞ்சள் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன்.

வலி ஆறு. அதோடேயே இரண்டு ஜாக்கெட் தைத்தாள். "உங்க கடைக்கு நல்ல வாடிக்கை ஒண்ணு போச்சு," என்று சிரித்தாள். படுக்கும்போது புது மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.


ஜூன் 11, புதன்

வலி எட்டு. வாந்தி நான்கு முறை. கடையில் கூட்டம்.


ஜூன் 12, வியாழன்

வலி எட்டு. ஜன்னலுக்கெல்லாம் பழைய சேலையைக் கட்டியாயிற்று. குக்கர் விசில் ஆகாது, தாளிக்கிற வாடை ஆகாது, நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம்கூட ஆகாது. கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்த வாடைக்கு மறுபடி வாந்தி எடுத்தாள். நல்ல புருஷன்.

கடையில் பேச்சியம்மாள் வந்தாள். பீடி சுற்றுகிறவள், தினமும் ஒரு செட்டு வாங்குவாள். கவரைக் கையில் கொடுக்கும்போது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கொடுத்தேன். பேச்சியம்மாள் வீட்டு வலி எனக்கு என்ன தெரியும்.


ஜூன் 13, வெள்ளி

காலை ஆறு மணிக்கே ஒன்பது. பதினோரு மணிக்கு "டக், டக்" என்று ஒரு சத்தம். அறைக்குள் போய்ப் பார்த்தால், உலகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பின்மண்டையால் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறாள். வேகமாக இல்லை. ஏதோ வேலை செய்கிறவள் மாதிரி, நிதானமாக.

தலையணையை நடுவில் வைத்தேன். தள்ளிவிட்டாள்.

"ஒரு மாத்திரை குடுங்க."

"உலகு, நீதான சொன்ன."

"சொன்னேன். இப்பம் கேக்கேன். அரை மாத்திரை."

"டாக்டர் வேண்டாம்னு…"

"மருந்துக்கடதான வச்சிருக்கிய? ஊருக்கெல்லாம் குடுக்கிய. நான் ஒங்களுக்கு யாரு?"

கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது, "இந்தத் தலைய யாராவது கழட்டி வச்சிட்டா ஒரு மணி நேரம் தூங்குவேன்," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்க வழியில்லை, ஆனால் கேட்டது.

கடையில் பத்து நிமிடம் இருந்தேன். திரும்பி வந்து மோர் கலக்கினேன். வாந்தி எடுத்த வயிற்றுக்கு மோர் நல்லது. உப்பும் பெருங்காயமும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு "கசக்கு," என்றாள். பெருங்காயம் என்றேன். 11.40க்குக் குடித்தாள். 12.20க்குத் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. சீட்டில் "மோர்" என்று எழுதினேன்.


ஜூன் 14, சனி

வலி நான்கு. தலைக்குக் குளித்தாள். காலண்டரில் ஐந்தாவது கோடு போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பொன்செல்விக்குப் போன் செய்தாள். "நேத்து செத்துப் பொழச்சேன். ஆனாலும் ஒண்ணு போடலயே. உங்கப்பா குடுக்கவே இல்ல, கல்லு மாதிரி நின்னுட்டாவ," என்று சொன்னாள். போனை என்னிடம் நீட்டினாள். மகள் "நீ கிரேட்ப்பா," என்றாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.


ஜூன் 15, ஞாயிறு

மறுபடி எட்டு. என் அக்கா வந்திருந்தாள். அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "எனக்குந்தான் தல வலிக்கும். தைலத்தத் தேச்சிட்டு நாத்து நட்டுட்டு வந்துருவேன். இவளுக்கு நீ ரொம்ப எடம் குடுக்கப்பா," என்றாள், உள்ளே படுத்திருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி. வழக்கமாக இதற்கு நான் சிரித்துவைப்பேன். இன்றும் சிரித்திருப்பேன். உள்ளே உலகு வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது, அதனால் சிரிக்கவில்லை.


ஜூன் 16, திங்கள்

மதியம் ஒன்பது. 3.10க்கு மோர். 3.50க்குத் தூக்கம்.


ஜூன் 17, செவ்வாய்

வலி ஐந்து. கறிவேப்பிலைத் துவையல் அரைத்தாள். எட்டாவது கோடு. சாரல் விழுகிறது.


ஜூன் 18, புதன்

பேச்சியம்மாள் செட்டு கேட்டாள். இல்லை என்றேன். தினமும் சாப்பிட்டால் அதுவே வலியைக் கொண்டுவரும், தென்காசிக்குப் போய்க் காட்டு என்று டாக்டர் சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். "பத்து வருசமா நீருதான குடுத்தீரு? இப்பம் என்ன புதுசா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தென்காசிக்குப் போனால் அன்றைக்குப் பீடி இலை யார் வெட்டுவார்கள் என்றும் கேட்டாள். பிறகு எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, என் கண்ணுக்கு முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

ஊரான் வீட்டுப் பெண்ணிடம் கண்டிப்பாக இருக்க என்னால் முடிகிறது. மெடல் குத்திக்கொள்ள வேண்டியதுதான்.


ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து பத்துக்குப் பத்து. கண்ணைத் திறக்க முடியவில்லை. தரையில் படுத்துக் கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக்கொண்டிருந்தாள், அங்கேதான் குளிர்ச்சியாம். மாத்திரை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் இல்லை என்றாவது சொல்லலாம்.

"இப்படியே போயிட்டா நல்லதுன்னு இருக்குங்க," என்றாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள், பால் பொங்கிவிட்டது என்கிற மாதிரி. "பொன்செல்விட்ட சொல்லாதிய."

டாக்டர் நம்பரை எடுத்தேன். அழுத்தினேன். மணி அடிப்பதற்கு முன்னால் துண்டித்துவிட்டேன். மருந்துக்கடை ஆவுடையப்பன் தன் வீட்டு வலிக்கு வழி தெரியாமல் போன் செய்தான் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

10.30க்கு மோர். 11.15க்குத் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து, "அந்த மோரு குடிச்சாத்தான் கொஞ்சம் கேக்கு. நாளைக்கும் போட்டுத் தாங்க," என்றாள். அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.


ஜூன் 20, வெள்ளி

வலி எட்டு. மோர் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன், வெறும் மோர்தான். தயிர், தண்ணீர், உப்பு, பெருங்காயம். ஒரு மணி நேரம் காத்திருந்தாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். "இன்னைக்கு மோரு சரியில்ல," என்றாள். "ஒரு மோருக்கு இவ்வளவு நம்பிக்க வச்சேன் பாருங்க, நான் ஒரு கிறுக்கி," என்று தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். சீட்டில் இதையும் "மோர்" என்றுதான் எழுதினேன்.


ஜூன் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஏழு. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பதின்மூன்று கோடு. நாளைக்கு டாக்டர். சீட்டை இரண்டு முறை சரிபார்த்தேன். நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது.


ஜூன் 23, திங்கள்

நேரம் எல்லாம் சரியாக இருந்ததுதான் வினை.

டாக்டர் முதலில் விளக்கை அணைத்தார். சீட்டை மேஜைவிளக்கின் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உலகுவை, எடையும் பிரஷரும் பார்க்க நர்ஸோடு அனுப்பினார்.

"அண்ணாச்சி, இந்த மோர எப்படிப் போடுறீங்க?"

தயிர், தண்ணீர் என்று ஆரம்பித்தேன்.

"மாத்திரைய விடும்போது வர்ற வலி சாமானியத்துல அடங்காது. இங்க மூணு நாள் மட்டும் முக்கா மணி நேரத்துக்குள்ள பொட்டுனு அடங்கியிருக்கு. மூணு நாளும் மோர். இருபதாம் தேதியும் மோர், அன்னைக்கு அடங்கல. அந்த மொத மூணு மோர எனக்குச் சொல்லித் தாங்க. இங்க வர்ற எல்லாருக்கும் எழுதிக் குடுக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு செட்டு. பொடிச்சுக் கலந்தேன்," என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாத்துட்டு இருக்க முடியலயோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது ஆள் நான், அந்த அறையில் தேம்பித் தேம்பி அழுதேன். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை வேறு எதையும் எழுதாமல், வேறு யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துச்சு டாக்டர். மருந்துக்கட வச்சிருக்கவன்."

"வெக்கம் உங்களுக்கு. வலி அவங்களுக்கு."

அவர் சொன்னதில் கடுமையான சொல் அது ஒன்றுதான். பிறகு விவரமாகச் சொன்னார். மூன்று முறை மாத்திரை உள்ளே போய்விட்டதால் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இதை உலகுவிடம் அவர் சொல்ல மாட்டார், நான்தான் சொல்ல வேண்டும்.

"நான் சொல்லலன்னா?"

"ரெண்டு வாரம் பல்லக் கடிச்சும் வலி குறையலன்னு அவங்க நெனப்பாங்க. இந்த வைத்தியமே பொய்னு முடிவு பண்ணிருவாங்க. அடுத்தாப்ல யார் சொன்னாலும் மாத்திரைய விட மாட்டாங்க. ஆயுசுக்கும் இதே வலிதான். சொன்னா உங்க மேல கோவப்படுவாங்க, அவ்வளவுதான். அந்தக் கோவத்த நீங்க தாங்கிக்கலாம் அண்ணாச்சி."

கதவு திறந்தது. உலகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நான் சரியாச் செஞ்சிருக்கேனா டாக்டர்? பதினாலு நாளு," என்று கேட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டை நீட்டுகிற மாதிரி.

"நீங்க ரொம்பச் சரியாச் செஞ்சிருக்கீங்கம்மா," என்றார் டாக்டர். அந்த "நீங்க" எனக்கு உறைத்தது.


ஜூன் 24, செவ்வாய்

சொல்லவில்லை. கடையில் வேலை அதிகம். மழைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள்.


ஜூன் 25, புதன்

காலையில் உலகு காலண்டருக்கு முன்னால் நின்று பதினாறாவது கோடு போடப் போனாள். அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே. எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மோர் என்ற சொல்லை மட்டும் நிறையத் தடவை சொன்னேன்.

"எத்தன தடவ?"

"மூணு."

"என்னைக்கெல்லாம்?"

தேதி சொன்னேன். அவள் காலண்டரில் ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதில் விரல் நின்றது.

"அன்னைக்கு நான் கேக்கக்கூட இல்லயே," என்றாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கடைக்குப் போகவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தேன். அழுகிற சத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நான்கு மணிக்குக் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. வலி எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். இருவத்தோரு வருசத்துல, எனக்கு வலிச்சப்பம் ஒரு நாளாவது இந்த ரூமுக்குள்ள எங்கூட இருந்திருக்கியளா?"

யோசித்தேன். எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன், மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன். உட்கார்ந்ததாக ஒரு நாளும் நினைவில்லை.

"மாத்திரையக் குடுப்பிய, கதவச் சாத்துவிய, கடைக்குப் போயிருவிய. அது எனக்குக் குடுத்த மாத்திர இல்ல. ஒங்களுக்குக் காது கேக்காம இருக்கக் குடுத்தது," என்றாள். "நான் பதினஞ்சு நாளு ஜெயிச்சேன்னு இருந்தேன். அதையும் மோருல கரச்சிட்டிய."

மன்னிப்புக் கேட்டேன். "என்னத்தயோ எழுதுதியளே ஒரு டைரி, அத இங்க குடுங்க," என்றாள். இந்த வரியை எழுதி முடித்ததும் கொடுக்க வேண்டும்.


ஜூன் 26, வியாழன்

உலகம்மாள் எழுதுகிறேன். அவர் எழுதியதில் இரண்டு பக்கம்தான் படித்தேன். கண் கூசுகிறது. மீதியை வலி இல்லாத நாளில் படித்துக்கொள்கிறேன்.

நாள் ஒன்று. புதுக் காலண்டர் இல்லை, பழைய கோடுகளை அழித்துவிட்டேன். அழிக்கும்போது அழுகை வந்தது.

காலையில் ஏழு, மதியம் ஒன்பது. டாக்டருக்கு நானே போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "வாங்கம்மா" என்றார்கள். ஆட்டோவில் போனோம். ஊசி போட்டார்கள், இருட்டாக ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி நின்றது, வலி ஐந்துக்கு இறங்கியது. இதுவும் வலி மருந்துதானே என்று பயந்து கேட்டேன். இது வேறு, இது உங்கள் கணக்கைக் கெடுக்காது என்று சொன்னார்கள். நான் நம்பினேன். என்னிடம் ஒளிக்காமல் சொன்னதால் நம்பினேன்.

இவ்வளவு பக்கத்தில் இது இருந்திருக்கிறது. நான் சிமெண்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவர்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசரமும் இல்லை.


ஜூன் 27, வெள்ளி

நாள் இரண்டு. வலி ஆறு. கடைக்குப் போகச் சொன்னேன். மதியம் வரைக்கும் போய்விட்டு வந்தார். சாப்பாடு பரவாயில்லை.


ஜூன் 28, சனி

நாள் மூன்று. ஏழு. தென்காசிக்குப் போய் மறுபடி ஊசி. எழுத முடியவில்லை.


ஜூன் 29, ஞாயிறு

நாள் நான்கு. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஒன்பது. இப்போது ஆறு, அதனால் எழுதுகிறேன்.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டோம். நேற்றுத்தான் இரண்டாவது ஊசி போட்டோம், இன்று ஊசி வேண்டாம், ஈரத்துணி போட்டு இருட்டில் இருங்கள், மூன்று மணிக்குள் இறங்கவில்லை என்றால் வாருங்கள் என்றார்கள்.

அவர் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். எட்டு மணிக்கு நான் மாத்திரை கேட்டேன். இல்லை என்றார். ஒன்பது மணிக்குக் கேட்டேன். பத்து மணிக்குத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், செத்துப்போன அத்தையையும் சேர்த்துத் திட்டினேன். இல்லை உலகு என்றார். காலைப் பிடித்துக்கூடக் கேட்டேன். அழுதார், ஆனால் இல்லை என்றார். நான் வாந்தி எடுத்ததை அள்ளினார். மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

வாசலில் இரண்டு தடவை யாரோ மருந்து கேட்டு வந்து "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை.